நீலகிரியில் லாரி ஓட்ட வரப்போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் லோடு புக்கிங் பார்க்கிறேன். அதற்கு முன்னால் மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். கேரட்டுக்கும் தேயிலைக்கும் வண்டி கேட்டு வருகிறவர்களோடு, டிரைவர் வேலை கேட்டு வருகிற பையன்களும் உண்டு. எல்லோரும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

"அண்ணா, நான் எட்டாவது கூட முடிக்கல. லாரி லைசென்ஸ் குடுப்பாங்களா?"

கொடுப்பார்கள். சரக்கு வண்டி, பஸ் போன்றவற்றுக்கு எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது. 2019இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் எழுதப் படிக்கக் கொஞ்சமாவது தெரிந்திருப்பது உங்களுக்கு நல்லது. எடைச் சீட்டில் என்ன போட்டிருக்கிறது, பில்லில் எந்த ஊர் இருக்கிறது என்று பார்க்கத் தெரியாத டிரைவர் தலையில் யார் தப்பையும் கட்டிவிடலாம்.

"கார் லைசென்ஸ் இருக்கு. அதை வெச்சு சரக்கு வண்டி ஓட்டலாமா?"

சின்ன வண்டி ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை எல்.எம்.வி. (கார் போன்ற இலகு ரக வண்டி) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பு சொல்லிவிட்டது. மொத்த எடை என்றால் வண்டியும் சரக்கும் சேர்த்து. குட்டி யானை, பிக்கப் எல்லாம் இதற்குள் வந்துவிடும். உங்கள் வண்டி வருமா என்பதை ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகத்தில் பாருங்கள், ஓனர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

ஆறு சக்கர லாரிக்கும் டாரஸுக்கும் (பத்து சக்கர லாரி) ஹெவி லைசென்ஸ் வேண்டும். வயது 20 ஆகியிருக்க வேண்டும், எல்.எம்.வி. லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் கழிந்திருக்க வேண்டும். பிறகு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்), டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் 1ஏ, டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5, கடைசியாக ஓட்டிக் காட்டும் தேர்வு. ஸ்கூலுக்கே போகாமல் படிவம் 5 வாங்கித் தருகிறேன் என்று ஆள் வருவார்கள். மலையில் வேலை பார்க்கப் போகிறவர் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஹெவி லைசென்ஸை 5 வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும்.

"மலையில ஓட்டறதுக்குன்னு தனி லைசென்ஸ் இருக்காமே?"

தனி லைசென்ஸ் கிடையாது. கையில் இருக்கும் லைசென்ஸிலேயே மலைப்பாதைக்கான பதிவைச் சேர்த்துத் தருவார்கள். லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கிற சாரதி இணையதளத்தில் அதுவும் ஒரு சேவையாக இருக்கிறது. உங்கள் வண்டிக்கும் நீங்கள் போகும் பாதைக்கும் அது தேவையா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, தேவையென்றால் போட்டுக்கொள்ளுங்கள். சமவெளியில் லைசென்ஸ் எடுத்து மேலே வருகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

"கிளீனரா போயே ஆகணுமா? நேரா டிரைவரா சேரக் கூடாதா?"

சேரலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் நல்ல ஓனர் யாரும் புது ஆள் கையில் டாரஸைக் கொடுக்க மாட்டார். வழக்கமாக ஆரம்பிப்பது இலை வண்டியில்தான். எஸ்டேட்டிலும் சிறு விவசாயிகளிடமும் பச்சைத் தேயிலையை எடைபோட்டு ஏற்றி, பேக்டரிக்குக் கொண்டுபோய் இறக்குகிற பிக்கப். ஊருக்குள்ளேயே சுற்றினாலும் அந்தக் குறுகலான எஸ்டேட் ரோட்டில் ரிவர்ஸ் எடுத்தே கை நன்றாகப் பழகிவிடும். அடுத்தது முத்தோரை பாலாடா, கேத்தி பக்கம் தோட்டத்திலிருந்து கேரட் கழுவுகிற இடத்துக்கு அடிக்கும் லோடு. மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கிளீனராகக் கொஞ்ச நாள் போவதில் ஒரு லாபம் இருக்கிறது. டிரைவர் எங்கே கியரைக் குறைக்கிறார், எந்த வளைவுக்கு முன்னால் ஆரன் அடிக்கிறார், எங்கே ஒன்றுமே செய்யாமல் காத்திருக்கிறார் என்பதைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். கட்டை போடுவதும் அங்கேதான் பழகும். ஏற்றத்தில் வண்டி நின்றதும் இறங்கி ஓடி, பின் சக்கரத்துக்குப் பின்னால் மரக்கட்டையைச் செருக வேண்டும். உடம்பை வண்டிக்கு நேர் பின்னால் வைக்காமல் பக்கவாட்டில் நின்று, கட்டையின் வாலைப் பிடித்துத் தள்ள வேண்டும். விரலைக் கட்டைக்கும் டயருக்கும் நடுவில் விடுகிறவனைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்கும்.

"ஏறும்போதுதானே கஷ்டம்? இறங்கும்போது வண்டி தானா வந்துடுமே?"

தானாக வருவதுதான் தொந்தரவே. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகளோடு முப்பது கிலோமீட்டர் சொச்சம் பாதை. லோடு ஏற்றிய லாரி ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் இறங்குகிறது என்றால், அந்த வேகம் முழுவதையும் ஏதாவது ஒன்று பிடித்து நிறுத்தியாக வேண்டும். அதை பிரேக் லைனிங் (சக்கரத்து டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் பட்டை) மட்டுமே செய்தால் டிரம் சூடேறிக்கொண்டே போகும். ஒரு அளவுக்கு மேல் சூடானால் லைனிங் வழுக்க ஆரம்பிக்கும். கால் நன்றாக அமுங்கும், வேகம் குறையாது. பிரேக்கை இயக்கும் காற்று குறையவில்லை, டியூப் உடையவில்லை, எல்லாம் சரியாக இருக்கும்போதே பிரேக் போய்விடும்.

அதனால் இறக்கத்தில் எஞ்சினைத்தான் பிரேக்காக வைத்துக்கொள்ள வேண்டும். ஏறுவதற்கு எந்த கியர் தேவையோ அதே கியரில் இறங்கு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இப்போது வருகிற வண்டிகளுக்கு இழுவை அதிகம், மேல் கியரிலேயே ஏறிவிடும். எனவே ஏறியதைவிட ஒரு கியர் குறைத்தே வையுங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைப் போட்டுவிட வேண்டும். பாதியில் மாற்றப் போனால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது) இருந்தால் ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள். கால் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே வராதீர்கள். வேகம் ஏறினால் அழுத்திக் குறைத்து, உடனே காலை எடுத்துவிடுங்கள். நடுநடுவே டிரம்முக்கு ஆற நேரம் கிடைக்க வேண்டும்.

பர்லியாரில் வண்டியை ஓரங்கட்டி டீ குடிக்கிற டிரைவர்களைப் பார்த்திருப்பீர்கள். பலாப்பழம், மங்குஸ்தான் விற்கிற இடம். நல்ல டிரைவர் டீயைக் கையில் வாங்கிக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். சக்கரத்துப் பக்கம் குனிந்தால் லைனிங் தீய்கிற வாடை மூக்கில் ஏறும். அந்த வாடை வந்தால் டீ இரண்டாகும். டிரம் ஆறும்வரை கட்டை போட்டு நிற்க வேண்டும். சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிரம் விரிசல் விட்டுவிடும்.

"நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்னு ஒரு டிரைவர் சொன்னாரே?"

மேலே சொன்னதைப் படித்த பிறகும் இந்தச் சந்தேகம் இருந்தால் வேறு வேலை பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. இருந்தாலும் பதில் இதுதான்: மிச்சமும் ஆகாது. இப்போதைய எலக்ட்ரானிக் எஞ்சின்கள் கியரில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும். எஞ்சின் மெதுவாக ஓடுவதால் கம்பிரசரும் மெதுவாகத்தான் காற்று நிரப்பும், நீங்களோ பிரேக்கை அடிக்கடி மிதித்துக் காற்றைச் செலவழித்துக்கொண்டிருப்பீர்கள்.

"அப்படியும் பிரேக் பிடிக்கலைன்னா?"

கியரை விடாதீர்கள், கிளட்சை மிதிக்காதீர்கள். எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, கையால் போடும் பார்க்கிங் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். விளக்கைப் போட்டு ஆரனை விடாமல் அடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைச் சுவர்ப் பக்கம் வண்டியை உரசி நிறுத்த வேண்டும். வண்டி நசுங்கினால் இன்சூரன்ஸ் இருக்கிறது.

ஆனால் இது பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. வாடை, கால் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குவது, காற்று மீட்டர் முள் கீழே வருவது என்று முன்கூட்டியே ஏதாவது தெரியும். காலையில் எடுக்கும்போதே ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். எங்கள் ஊர்க் குளிரில் அது நிறையவே தேங்கும். முள் முழுதாக ஏறும்வரை வண்டியை நகர்த்த வேண்டாம்.

"வளைவுல எதிர்ல வண்டி வந்தா யாரு நிக்கணும்?"

இறங்குகிறவர் நிற்க வேண்டும். வழி குறுகலாக இருந்தால் மேலே ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை, சாலை விதியிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் நிறுத்திய லோடு வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு என்று ஒருமுறை செய்து பார்த்தவர்களுக்குப் புரியும்.

கொண்டை ஊசியில் பெரிய வண்டியின் பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டும். அதனால் முன்பக்கத்தை வெளியே நன்றாக விட்டுத்தான் திருப்ப வேண்டும், அப்போது ரோடு முழுவதும் உங்களுக்குத் தேவைப்படும். மேலே இருந்து வரும்போது வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே கீழ் ரோட்டை எட்டிப் பாருங்கள். பஸ்ஸோ லாரியோ ஏறி வந்தால் மேலேயே நின்றுவிடுங்கள். டூரிஸ்ட் கார்க்காரர்களுக்கு இது தெரியாது. நீங்கள் விட்ட இடத்தில் மூக்கை நுழைப்பார்கள். கோபப்பட்டுப் பயனில்லை, அவர் ரிவர்ஸ் எடுக்கிறவரை பொறுமையாக இருங்கள்.

"பனி, மழை, யானை... இதுக்கெல்லாம் என்ன பண்றது?"

மூடுபனியில் ஹைபீம் போட்டால் கண்முன் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோபீம் போட்டு, ஓரக் கோட்டைப் பார்த்து மெதுவாகப் போங்கள். அதுவும் தெரியாவிட்டால் ரோட்டிலிருந்து முழுதாக விலகி நிறுத்துங்கள். பாதி டயர் ரோட்டில் இருக்க நிறுத்துவதைவிடப் போய்க்கொண்டே இருப்பது மேல்.

குன்னூர் பாதைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிற மழைதான் கண்டம். கூடலூர்ப் பக்கத்துக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ரோட்டில் புதிதாகச் சின்னக் கற்கள் கிடந்தாலோ, மலைச் சுவரிலிருந்து கலங்கல் தண்ணீர் வந்தாலோ அந்த இடத்தில் நிற்காதீர்கள், பக்கத்தில் பார்க்கிங்கும் போடாதீர்கள். பெரிய மண் அதற்குப் பின்னால் வரலாம். கல்லாறு, பர்லியார், குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ காலத்தில் யானை ரோட்டுக்கு வரும். தூரத்திலேயே நிறுத்துங்கள், ஆரன் அடிக்காதீர்கள், செல்போனை வெளியே நீட்டாதீர்கள். காட்டு மாடு நம் ஊருக்குள்ளேயே நடமாடுகிறது. ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று வைத்துக்கொண்டே காத்திருங்கள்.

"எந்த ரோட்டுல லாரி போகலாம், எதுல போகக் கூடாது?"

மேட்டுப்பாளையம் இறங்க குன்னூர் வழி, கோத்தகிரி வழி என இரண்டு உண்டு. கோடை சீசனில் இவற்றை ஒருவழிப் பாதையாக மாற்றுவார்கள், கனரக வண்டிகளுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடும் வரும். ஒவ்வொரு வருடமும் ஆட்சியர் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், சரிவும் பயங்கரம். மைசூருக்குக் குறுக்கு வழி என்று மேப் காட்டினாலும் லோடு லாரிக்கு அது வழியே இல்லை, கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். அப்படிப் போனாலும் பந்திப்பூர் காட்டு ரோடு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். அதைக் கணக்குப் போடாமல் சாயங்காலம் லோடு ஏற்றினால் ராத்திரி முழுக்க எல்லையில் தூங்க வேண்டியதுதான்.

2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வர இ-பாஸ் முறை இருக்கிறது. நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 வண்டிகளுக்கு அது தேவையில்லை. வெளியூர்ப் பதிவெண் வண்டியை ஓட்டி வருவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன்பே ஓனரிடம் கேட்டுவிடுங்கள். செக்போஸ்டில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் தேடுவார்கள், கேன் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஓனர் இன்னும் ரெண்டு டன் ஏத்திக்கோங்கறாரு. எப்படி முடியாதுங்கறது?"

எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி. ஆறு சக்கர லாரிக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து 18.5 டன், பத்து சக்கரத்துக்கு 28.5 டன் என்பது 2018இல் வந்த உச்ச அளவு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது ஆர்.சி.யில் இருக்கும். மீறினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் வைக்கலாம். ஓட்டியவர், ஓட்டச் சொன்னவர் இருவருமே சட்டத்துக்குப் பொறுப்பு.

அபராதத்தைவிடப் பெரிய காரணம் டிரம் சூட்டைப் பற்றி முன்பு சொன்னதுதான். அங்கே சொன்ன கணக்கெல்லாம் சரியான எடைக்கு. ஓனரிடம் சட்டம் பேசினால் முறைப்பார். "அண்ணா, கேரட் ஈரமா இருக்கு, எடை போட்டுட்டு இறங்கறேன்" என்று எடை மேடைக்குப் போய்ச் சீட்டை வாங்கி அவருக்கு அனுப்பிவிடுங்கள். எழுத்தில் எடை வந்துவிட்டால் பல ஓனர்கள் அவர்களாகவே இரண்டு மூட்டை இறக்கச் சொல்வார்கள். சொல்லாத ஓனரிடம் அடுத்த மாதம் வேலை பார்க்க வேண்டாம், வேறு வண்டி இருக்கிறது.

"என்னென்ன பேப்பர் கையில இருக்கணும்?"

ஆர்.சி., எப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட், வரி, புகைச் சான்று, உங்கள் லைசென்ஸ், சரக்குக்கான பில். டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் ஆப்பில் இருந்தாலும் செல்லும். ஆனால் நடுக்காட்டில் சிக்னல் இருக்காது, நகல் ஒன்று வண்டியில் கிடக்கட்டும். காய்கறிக்கு ஜி.எஸ்.டி. தொல்லை இல்லை. தேயிலைத்தூள் மாதிரி வரியுள்ள சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வெளிமாநிலம் போனால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள்.

"சம்பளம் எப்படி? பேட்டான்னா என்ன?"

மாதச் சம்பளமும் போகிற நாளுக்கெல்லாம் பேட்டாவும் ஒரு முறை. டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசுவது இன்னொரு முறை. பேட்டா என்பது சாப்பாட்டுக்கும் வழிச்செலவுக்கும் தருகிற படி. தொகை ஓனருக்கு ஓனர் மாறும். அதனால் எவ்வளவு என்று கேட்பதோடு விடாமல் இவற்றையும் சேர்வதற்கு முன்பே கேளுங்கள்: டீசல் குறைந்தால் யார் தலையில் போடுவீர்கள், பஞ்சர் செலவு யாருடையது, ஏற்று இறக்குக் கூலி யார் தருவது, லோடுக்காகக் காத்துக் கிடக்கிற நாளுக்குப் பேட்டா உண்டா. கடைசியாகச் சொன்னதில்தான் சண்டை அதிகம் வரும்.

அட்வான்ஸ் பெரிதாக வாங்காதீர்கள். வாங்கினால் பேசுகிற வாய் போய்விடும், இரண்டு டன் கூட ஏற்றச் சொன்னாலும் தலையாட்ட வேண்டியிருக்கும். இன்சூரன்ஸில் டிரைவருக்கும் கிளீனருக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பாலிசியை வாங்கிப் பாருங்கள். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குத் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது, அதில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

"ராத்திரி தூக்கம் வந்தா? குளிருக்கு ஒரு கட்டிங் போட்டா தப்பா?"

தப்பு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினாலே வழக்கு, முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ வரலாம். இன்சூரன்ஸும் கையை விரிக்கும். குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறது.

தூக்கத்துக்குத் தூக்கம்தான் மருந்து. டீ, பாட்டு, முகத்தில் தண்ணீர் எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961ஆம் வருடச் சட்டமே 2025 வரை இருந்தது. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிற நிறுவனங்களுக்கு அது. நடைமுறையில் ஒற்றை வண்டி ஓனரிடம் சட்டத்தைக் காட்டினால் சிரிப்பார், உண்மைதான். ஆனால் சென்னைக்குக் காய்கறி அடிக்கிற வண்டியில் இரண்டாவது டிரைவர் உண்டா என்று கேட்பது உங்கள் கையில் இருக்கிறது. மலை இறங்கிய களைப்போடு விடிய விடிய ஓட்டுகிற வேலையைத் தனி ஆளாக ஒத்துக்கொள்ளாதீர்கள்.

"ஆக்சிடென்ட் ஆனா ஓடிடணும்னு சொல்றாங்களே?"

ஆட்கள் கும்பலாகக் கூடி அடிக்கிற பயத்தில் சொல்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அங்கிருந்து நகரலாம், நேராகப் போய் நிற்க வேண்டிய இடம் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்வதும் டிரைவர் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு சொல்கிறது. 108க்கும் 100க்கும் நீங்கள் போன் பண்ணிய பதிவு பின்னால் கோர்ட்டில் உங்களுக்கே உதவும். ஓடிப்போனால் உங்கள் மேல் தப்பு இல்லாத விபத்திலும் தப்பு உங்கள் மேல்தான் விழும்.

"என் தங்கச்சி ஓட்டணும்ங்கறா. பொண்ணுங்க இந்த வேலைக்கு வரலாமா?"

சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. பவர் ஸ்டீயரிங் வந்த பிறகு கைபலமும் பெரிய விஷயமில்லை. வழியில் கழிப்பறையும், ராத்திரி பாதுகாப்பாகப் படுக்க இடமும் இல்லாததுதான் உண்மையான கஷ்டம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிற இலை வண்டியில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

"சொந்தமா ஒரு வண்டி எப்ப வாங்கலாம்?"

ரிட்டர்ன் லோடுக்கு ஆள் பிடிக்கத் தெரிந்த பிறகு. இங்கிருந்து கேரட்டும் தேயிலையும் இறங்கும். மேலே ஏற அரிசி, சிமென்ட், செங்கல் என்று ஏதாவது கிடைத்தால்தான் வண்டி கட்டுப்படியாகும், காலியாக ஏறினால் டீசலுக்கே சரியாகப் போகும். ஜனவரி, பிப்ரவரியில் உறைபனி விழுந்தால் இலை குறையும், வண்டிக்கு வேலையும் குறையும், தவணை மட்டும் குறையாது. மலை வண்டிக்கு லைனிங்கும் கிளட்சும் சமவெளி வண்டியைவிடச் சீக்கிரம் தேயும். எட்டு வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு எப்.சி. வருடா வருடம் எடுக்க வேண்டும், அந்தச் செலவையும் தவணையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பழைய வண்டி பார்க்கிறீர்கள் என்றால் ஷெட்டில் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். குன்னூரிலிருந்து பர்லியார் வரை இறக்கிப் பாருங்கள். நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில், தொடாமல், கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் ஒட்டுகிறது. ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக்கே வேலை செய்யவில்லை. விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.